சுவருக்குள் தொட்டி: உடைக்கும் முன் தட்டைக் கழற்றிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளியலறையைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் வீட்டுமனை இணைப்பில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவரில் தொங்கும் கழிப்பறைக் கோப்பையும், சுவருக்குள் மறைந்திருக்கும் ஃப்ளஷ் தொட்டியும் இடத்தை மிச்சப்படுத்தும், அடியில் துடைப்பம் தடையின்றிப் போகும், பார்வைக்கும் அழகு என்று அதில் எழுதியிருந்தார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால், அந்தத் தொட்டி பழுதானால் யார், எந்த வழியாக, எப்படிச் சரிசெய்வது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் ஆறு டைல்களை இழக்கவிருந்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்னை மடிப்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறேன். கட்டுமானத் தளங்களில் 30 ஆண்டுகளுக்கு மேல் மேற்பார்வை செய்து ஓய்வு பெற்றவன் என்றாலும், என் வீட்டுத் தொட்டி முதன்முதலாகக் கசிந்தபோது அதன் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதைச் சற்று வெட்கத்துடனேயே ஒப்புக்கொள்கிறேன். இரவில் வீடு அடங்கிய பிறகு கேட்ட மெல்லிய சலசலப்புதான் முதல் அறிகுறி. விளக்கைப் போட்டுப் பார்த்தால், கோப்பையின் பின்புறத்தில் விரல் அகலத்துக்கு நீர் ஓசையின்றி வழிந்துகொண்டிருந்தது. மறுநாள் வந்த பிளம்பர் சுவரை இரண்டு இடங்களில் தட்டிக் காட்டி, "டைல்ஸ உடைச்சாத்தான் சார் டேங்க்க வெளிய எடுக்க முடியும்" என்றார். ஆறு டைல்கள் போகும் என்று கணக்கும் சொன்னார். உடைந்த டைல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தவர்களுக்குத் தெரியும், ஆறு ஆண்டுக்கு முந்தைய நிறம் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆறு டைல்கள் என்றால், பிறகு நான்கு சுவருக்கும் புதிதாகப் போட வேண்டியதுதான்.

நண்பர் ஒருவர் சொல்லி இரண்டாவதாக வந்தவர் அறுபது வயதை நெருங்கும் பிளம்பர். அவர் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. "உடைக்கிறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டு ஒருதடவ பாத்துடலாம் சார்" என்று சொல்லிவிட்டு, சுவரில் இரண்டு ஃப்ளஷ் பொத்தான்கள் உள்ள தட்டின் அடிப்பகுதியை இரு உள்ளங்கைகளாலும் பற்றி மேல்நோக்கித் தள்ளினார். 'டக்' என்ற ஓசையோடு தட்டு கையோடு வந்துவிட்டது. அதன் பின்னால் பொத்தான்களோடு தொடர்புள்ள இரண்டு பிளாஸ்டிக் தண்டுகள், இரண்டு திருகுகளால் பிடிக்கப்பட்ட ஒரு சட்டம், அதற்குப் பின்னால் ஒரு மறைப்புப் பலகை. அவற்றையும் கழற்றியதும் தொட்டியின் உள்ளே தண்ணீர் மினுங்குவது தெரிந்தது. தொட்டிக்கு வரும் நீரை நிறுத்தும் சிறிய ஆங்கிள் காக் அங்கேயே, கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. ஆறு ஆண்டுகளாக அந்தச் சுவருக்கு எதிரே நின்றிருக்கிறேன். அப்படியொரு திறப்பு அங்கே இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு கைகளும் சேர்ந்து நுழையாத அந்த ஜன்னல் வழியாக, ஒரு கையை மணிக்கட்டோடு திருப்பித் திருப்பி உள்ளே விட்டு, முதலில் நீர் நிரப்பும் வால்வையும், பிறகு பொத்தானோடு இணைந்த நெம்புகோல் பகுதியையும், கடைசியாகத் தொட்டியின் அடியில் உட்கார்ந்திருக்கும் ஃப்ளஷ் வால்வையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தங்கள் நாளிதழின் பழைய பிரதி ஒன்றின்மேல் எடுத்த வரிசையிலேயே அடுக்கினார். ஃப்ளஷ் வால்வு அந்தத் திறப்பைவிட நீளமானது. அதன் மேல்பாகத்தை விடுவித்துச் சாய்த்தால்தான் வெளியே வரும். அது தெரியாமல் இழுப்பவர்கள்தான் "வராது, உடைக்கணும்" என்கிறார்கள் என்று அவர் சொன்னார். வால்வின் அடியில் இருந்த ரப்பர் வாஷரைக் காட்டினார். அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. நகத்தால் சுரண்டினால் பொடிப் பொடியாக உதிர்ந்தது. படிவு இல்லாத ஓரிடத்தில் ரப்பர் உப்பி அலையலையாக நின்றது. புதிய வாஷரைப் போட்டு, வாஷர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, எல்லாவற்றையும் எடுத்த வரிசைக்குத் தலைகீழாகப் பொருத்தி முடிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இது வெறும் சொந்தக் கதை அல்ல என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். சுவருக்குள் மறையும் தொட்டி புதிய பொருள் அல்ல. ஸ்விட்சர்லாந்தின் கெபெரிட் நிறுவனம் இதை 1964இல் அறிமுகப்படுத்தியது. தேய்ந்துபோகக்கூடிய பாகங்கள் அனைத்தும் தட்டின் திறப்பு வழியாகவே வெளியே வர வேண்டும் என்பதுதான் இந்த வடிவமைப்பின் அடிப்படை. நல்ல தொட்டிகள் இணைப்பே இல்லாமல் ஒரே வார்ப்பாகப் பிளாஸ்டிக்கில் செய்யப்படுவதால் தொட்டி தானாக ஓட்டையாவது அரிது. பழுதாவது பெரும்பாலும் வாஷரும் வால்வும்தான். அவை இரண்டையும் மாற்றச் சுவரில் உளி படவே வேண்டியதில்லை. பீங்கான் கோப்பைகளை ராணிப்பேட்டையில் பல பத்தாண்டுகளாக வார்த்துவரும் மாநிலம் இது. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் தொட்டியைத் திறக்கத் தெரிந்தவர்களைத் தேடி அலைய வேண்டியிருப்பதுதான் வியப்பு.

கோப்பைக்குள் நீர் வழிந்தால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். அடியில் உள்ள வாஷர் சரியாக மூடாமல் இருக்கலாம். அல்லது நிரப்பும் வால்வு நிற்காமல் ஓடி, மிகுந்த நீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக இறங்கிக்கொண்டிருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதும் எளிது. தட்டைக் கழற்றி உள்ளே உள்ள ஆங்கிள் காக்கை மூடிவிட்டுக் கவனித்தால், வழிவது நின்று நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ விளிம்பிலேயே நிற்குமானால் குறை நிரப்பும் வால்வில் இருக்கிறது. வழிவது தொடர்ந்து மட்டம் இறங்கிக்கொண்டே போனால் குறை வாஷரில் இருக்கிறது. கசிகிறதா இல்லையா என்பதே சந்தேகமாக இருந்தால், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் சில துளிகளைத் தொட்டிக்குள் விட்டு, பொத்தானை அழுத்தாமல் அரைமணி நேரம் காத்திருந்தால் போதும். கோப்பையில் நீலம் தெரிந்தால் கசிவு உறுதி.

இந்தக் கசிவைச் சிறிதென்று விட்டுவிடுபவர்களுக்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 100 மில்லி, அதாவது ஒரு சிறிய காப்பி டம்ளர் அளவு வழிந்தால், ஒரு நாளில் 144 லிட்டர் போய்விடும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு நபர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கும் அளவே 135 லிட்டர்தான். அதில் கழிப்பறை ஃப்ளஷுக்கு மட்டும் 45 லிட்டர். ஓசையில்லாத ஒரு கசிவு, கண்ணுக்குத் தெரியாத ஒரு குடித்தனக்காரரை வீட்டுக்குள் வைத்திருப்பதற்குச் சமம். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காக இரவில் விழித்திருந்த ஊர்க்காரர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அந்த லாரித் தண்ணீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும்தான் இந்தப் பழுதுகளுக்குப் பாதிக் காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். நம் பகுதியில் கடின நீர். அது நிற்கும் இடமெல்லாம் சுண்ணாம்பு படியும். மணலும் துருவின் துகள்களும் நிரப்பும் வால்வின் முகப்பில் இருக்கும் சிறு வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும். அப்போது தொட்டி நிரம்பப் பத்து நிமிடங்கள் ஆகும், வீட்டார் நீரழுத்தம் குறைந்துவிட்டது என்று நினைத்து மொட்டை மாடித் தொட்டியைப் போய்ப் பார்ப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்த வடிகட்டியைக் கழுவி, வாஷரைச் சிறிது நேரம் வினிகரில் ஊறவைத்துத் துடைத்தாலே அதன் ஆயுள் கூடும். மாறாக நாம் செய்வது, 'ஆசிட்' ஊற்றிக் கழுவுவதும், நீலநிற குளோரின் மாத்திரையைத் தொட்டிக்குள் போடுவதும். குளோரின் ரப்பரைக் கெடுத்துவிடும். ஆசிட் ஆவி பொத்தான் தட்டின் பளபளப்பை அரித்துவிடும். என் வாஷர் உப்பியிருந்ததற்கு, விளம்பரத்தைப் பார்த்து நானே போட்ட மாத்திரைகளும் காரணமாக இருக்கலாம் என்று அந்த மூத்த பிளம்பர் சொன்னபோது மறுக்க முடியவில்லை.

இனிப் பொருத்துவது பற்றி. பழுதுகளின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கோப்பை சுவரில் தொங்குவதுபோல் தெரிந்தாலும், அதன் சுமையைத் தாங்குவது டைலோ பூச்சோ அல்ல. உள்ளே தரையோடும் சுவரோடும் போல்ட் அடித்து நிறுத்தப்படும் இரும்புச் சட்டமும், அதிலிருந்து வெளியே நீளும் இரண்டு திருகுக் கம்பிகளும்தான். அந்தக் கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம் 180 மில்லிமீட்டராகவோ 230 மில்லிமீட்டராகவோ இருக்கும்; வாங்கும் கோப்பைக்கு எது என்று பார்க்காமல் சட்டத்தை வைத்துப் பூசிவிட்டால், பிறகு கோப்பை வந்து சேரும் நாளில்தான் உண்மை தெரியும். ஐரோப்பியத் தரவிதி இத்தகைய கோப்பைகளை 400 கிலோ சுமையில் சோதிக்கச் சொல்கிறது. எனவே, பருமனானவர்கள் உட்கார்ந்தால் பெயர்ந்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. ஆனால் சட்டம் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தால் மட்டுமே.

நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அறைகளுக்கு இடையே பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவரே இருக்கும். ஒல்லியான தொட்டிக்கே 8 செ.மீ. ஆழம் வேண்டும், வழக்கமான தொட்டிக்கு 12 செ.மீ. நாலரை அங்குலச் சுவரை அவ்வளவு ஆழத்துக்குக் கொத்தினால் மிஞ்சுவது மறுபக்கப் பூச்சு மட்டும்தான். ஒன்பது அங்குலச் சுவர் இல்லாத இடத்தில், சுவருக்கு முன்னால் சட்டத்தை நிறுத்தி, அதைச் சுற்றி நாலடி உயரத்தில் ஒரு திட்டு கட்டி மூடுவதே முறை. திட்டின் மேற்பரப்பு சோப்பு, பூத்தொட்டி வைக்கவும் உதவும். எடை குறைந்த காற்றடைக் கான்கிரீட் கற்களால் கட்டிய சுவரில் சாதாரண ஆங்கர் போல்ட்டை நம்பிச் சட்டத்தைத் தொங்கவிடுவது அதைவிட ஆபத்து. அங்கே சுமை தரைக்கு இறங்கும்படி, கால்கள் தளத்தில் ஊன்றிய சட்டம்தான் வேண்டும்.

உயரக் கணக்கையும் டைல் போட்டு முடிந்த தரையிலிருந்துதான் எடுக்க வேண்டும். கொத்தனார் கான்கிரீட் தளத்திலிருந்து அளந்து வைத்துவிட்டுப் போக, பிறகு வரும் டைல்ஸ்காரர் இரண்டு அங்குலம் ஏற்றிவிட, 40 முதல் 43 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கோப்பை முதியவர்கள் எழ முடியாத அளவுக்குத் தாழ்ந்துபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தொட்டியோடு வரும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று பொத்தான் திறப்பைப் பூச்சிலிருந்து காப்பதற்கென்றே இருக்கிறது. டைல் போட்ட பிறகு அதை டைலின் மட்டத்துக்கு அறுத்துவிட வேண்டும். அதை முன்பே கழற்றி எறிந்துவிடுவார்கள். சிமெண்ட் பால் உள்ளே வழிந்து தொட்டியின் அடியில் மணலாகப் படியும். புதுவீடு புகுந்த முதல் மாதத்திலேயே வாஷர் ஒழுகுகிறது என்றால், உள்ளே கையை விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் மணல்தான் கிடைக்கும். பொத்தானோடு இணையும் தண்டுகளையும் டைலின் தடிமனைக் கணக்கிட்டு அளவாக வைக்க வேண்டும். ஒரு சிறு அளவு நீண்டுவிட்டால் பொத்தான் எப்போதும் பாதி அழுந்தியே இருக்கும், நீரும் நிற்காது. இப்படிப்பட்ட 'கசிவுக்கு' வாஷரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

சுவரில் ஈரம் பரவுவது வேறு வகை. அதை மேலே சொன்ன கசிவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எங்கள் குடியிருப்பிலேயே ஒரு வீட்டில் கோப்பைக்குக் கீழே டைல் இடுக்கில் ஈரம் கசிந்தது. பொத்தானை அழுத்தும்போது மட்டும் கசியும், மற்ற நேரங்களில் உலர்ந்துவிடும். அப்படியென்றால் குறை தொட்டியிலும் இல்லை, நீர் வரும் குழாயிலும் இல்லை. தொட்டியிலிருந்து கோப்பைக்கு வரும் குழாயின் இணைப்பிலோ, கோப்பையிலிருந்து கழிவுக் குழாய்க்குப் போகும் இணைப்பிலோதான் இருக்க வேண்டும். திருகுக் கம்பிகளில் கோப்பையைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைத் தளர்த்திக் கோப்பையை முன்னால் இழுத்தார்கள். குழாயை ஹாக்சா பிளேடால் கோணலாக அறுத்து, விளிம்பைச் சீவாமலேயே கோப்பைக்குள் திணித்திருந்தார்கள். ரப்பர் வளையம் சுருண்டு ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தது. குழாயைச் செங்குத்தாக வெட்டி, விளிம்பைச் சரிவாகச் சீவி, சோப்பு நீர் தடவிச் செருகினால் வளையம் நகராது. கிரீஸும் எண்ணெயும் ரப்பருக்கு ஆகாது. இங்கேயும் ஒரு டைல்கூட உடையவில்லை.

சுவரை உடைத்தே ஆக வேண்டிய நிலை அறவே கிடையாது என்று நான் சொல்லவில்லை. தொட்டிக்கு நீர் கொண்டுவரும் குழாயின் முழங்கை வளைவு (எல்போ) சுவருக்குள் விரிசல் விட்டால், அல்லது சட்டமே ஆட்டம் கண்டால், உடைக்கத்தான் வேண்டும். எப்போதும் ஈரமாக இருக்கும், பொத்தானை அழுத்தாதபோதும் வளரும் ஈரத்திட்டு அதற்கான அடையாளம். கோப்பைக்கும் சுவருக்கும் இடையே சிமெண்ட் பூசுவதும் கூடாது. அங்கே ஒரு நுரைத் தகடு போதும். சுற்றிலும் சிலிகான் பூசினாலும் அடிப்பக்கத்தை மட்டும் திறந்து விடுவது நல்லது. உள்ளே கசிந்தால் அங்கேதான் முதலில் தெரியும். அதையும் அடைத்துவிட்டால் கீழ்வீட்டுக் கூரையில்தான் செய்தி வரும்.

கட்டுநர்களிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. சுவரை மூடுவதற்கு முன் சட்டம், குழாய்கள், ஆங்கிள் காக் ஆகியவை தெரியும்படி அளவு நாடாவோடு நான்கு புகைப்படங்கள். தொட்டியின் நிறுவனப் பெயரும் மாதிரி எண்ணும் எழுதிய ஒரு தாள். சுவரை மூடும் முன் நீர் நிரப்பி ஒரு நாள் வைத்துப் பார்த்ததற்கான ஒப்பம். மாதிரி எண் இல்லாமல் உதிரி பாகம் வாங்கப் போனால் கடைக்காரர் பத்து வாஷர்களை எடுத்துப் போட்டு "இதுல எதுன்னு பாருங்க" என்பார். அவை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், ஒன்று மட்டும்தான் பொருந்தும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 14(3) பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வேலைத்தரத்தில் குறை சுட்டிக்காட்டப்பட்டால், கட்டுநர் 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. கோணலாக அறுத்த குழாயும், மணல் புகுந்த தொட்டியும் வேலைத்தரக் குறையல்லாமல் வேறென்ன? என் வீட்டுக்கு அந்தக் காலக்கெடு கடந்த ஆண்டே முடிந்துவிட்டது. புதிதாகக் குடியேறுபவர்கள் முதல் மாதத்திலேயே தட்டைக் கழற்றி உள்ளே பார்த்து, கண்டதைக் கட்டுநருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.

தங்கள் இணைப்பிதழில் அடுத்த முறை குளியலறை பற்றி எழுதும்போது, தட்டைக் கழற்றும் முறையைப் படத்துடன் வெளியிட வேண்டுகிறேன். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறுபடும். சிலவற்றில் மேலே தள்ள வேண்டும், சிலவற்றில் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும், இன்னும் சிலவற்றில் அடியில் ஒளிந்திருக்கும் சிறு திருகைக் கழற்ற வேண்டும். எந்த வகையென்று தெரியாமல் திருப்புளியைக் கொடுத்து நெம்பினால் தட்டுதான் உடையும்.

என் வீட்டுத் தொட்டியின் மாதிரி எண்ணை ஒரு சீட்டில் எழுதி, மின்மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். கழற்றிய பழைய வாஷரையும் ஓர் உறையில் போட்டு அதனருகிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அளவு காட்ட அது வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை.